ராஸ்பெரி பை எந்த டிரைவிலிருந்து பூட் ஆகிறது? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ராஸ்பெரி பை என்ற சிறிய ஒற்றைப் பலகைக் கணினியில் எஸ்டி கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்: இந்தப் பலகை இப்போது எதிலிருந்து பூட் ஆகியிருக்கிறது? பதில் ஒன்றுதான் இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் மூன்று பதில்கள் உண்டு. பலகையில் இருக்கும் ஈஈப்ராம் சில்லில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) ஒரு சிறிய பூட்லோடர், அதாவது பூட்டைத் தொடங்கிவைக்கும் நிரல், குடியிருக்கிறது. அது முதலில் ஒரு டிரைவைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த டிரைவின் முதல் பார்ட்டிஷனிலிருந்து (இதுதான் பூட் பார்ட்டிஷன்) இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஏறுகிறது. ஏறிய கெர்னல், சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி கோப்பில் எழுதியிருப்பதைப் பார்த்து இயங்குதளமும் உங்கள் கோப்புகளும் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைத் தேடிப் போகிறது. இந்த மூன்றும் ஒரே டிரைவில்தான் நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பூட்லோடர் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்த பிறகும் ரூட் மட்டும் எஸ்டி கார்டிலிருந்து ஏறலாம். அதனால் எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் அமைப்பில் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டு வரிசையை மாற்றினால், சரியாக இருந்த கட்டமும் குழம்பிவிடும்.

இங்கே பை 4, பை 5 இரண்டையும் வைத்துப் பேசுகிறேன். இயங்குதளம் ராஸ்பெரி பை ஓஎஸ். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஈஈப்ராம் அமைப்புகளின் பெயர்கள் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். மற்றவை சிறிய எழுத்து.

எதையும் மாற்றும் முன்

பலகை எப்படியாவது பூட் ஆகி டெர்மினல் கிடைக்கிறது என்றால், இரண்டு விஷயங்களைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பூட்லோடர் எதைத் தேர்ந்தெடுத்தது என்பது. /ப்ராக்/டிவைஸ்-ட்ரீ/சோசன்/பூட்லோடர் என்ற அடைவுக்குள் பூட்-மோட் என்ற சிறு கோப்பு இருக்கிறது. அதை ஹெக்ஸ்டம்ப் கட்டளையால், பெரிய எழுத்து சி-யை விருப்பமாகக் கொடுத்துத் திறந்தால் நான்கு ஜோடி எண்கள் தெரியும். கடைசி ஜோடிதான் நமக்கு வேண்டியது. 01 என்றால் எஸ்டி கார்டு, 04 என்றால் யூஎஸ்பி டிரைவு, 06 என்றால் என்விஎம்இ (பிசிஐஇ வழியாக இணையும் வேகமான எஸ்எஸ்டி). இந்தக் கோப்பு ஊகம் எதுவும் செய்வதில்லை. பூட்லோடரே தான் என்ன செய்தேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பு அது.

இரண்டாவது, ரூட் எதில் இருக்கிறது என்பது. ஃபைண்ட்எம்என்டி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு ஒற்றைச் சாய்கோடு போடுங்கள். சோர்ஸ் என்ற பத்தியில் எம்எம்சிபிஎல்கே0பி2 என்று வந்தால் எஸ்டி கார்டு. எஸ்டிஏ2 என்று வந்தால் யூஎஸ்பி டிரைவு. என்விஎம்இ0என்1பி2 என்று வந்தால் என்விஎம்இ. இதே கட்டளையை /பூட்/ஃபர்ம்வேர் என்ற பாதைக்கும் கொடுத்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து பூட் பார்ட்டிஷன் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் வெறும் /பூட்.

இரண்டு விடைகளும் ஒரே டிரைவைக் காட்டினால் நல்லது. காட்டாவிட்டால் நேராக இரண்டாவது அறிகுறிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி 1: எஸ்எஸ்டி மாட்டியும் எஸ்டி கார்டிலிருந்தே கிளம்புகிறது

இது பழுதே இல்லை. வரிசை அப்படி அமைந்திருக்கிறது, அவ்வளவுதான். விசிஜென்சிஎம்டி பூட்லோடர்_கான்ஃபிக் என்று தட்டினால் பூட்_ஆர்டர் என்ற வரி தெரியும். பை 4-இல் வழக்கமாக அதன் மதிப்பு எஃப்41. முன்னால் 0எக்ஸ் என்று ஓர் ஒட்டு இருக்கும்; இது பதினாறடிமான எண் என்பதற்கான அடையாளம் அது. அதை விடாமல் எழுத வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் இந்த எண்ணைப் படிக்கும் விதத்தில்தான். இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். எஃப்41 என்றால் முதலில் 1, அதாவது எஸ்டி கார்டு. அது கிடைக்காவிட்டால் 4, யூஎஸ்பி. அதுவும் கிடைக்காவிட்டால் எஃப், மறுபடி முதலிலிருந்து. 2 என்றால் நெட்வொர்க். 6 என்றால் என்விஎம்இ. இ என்ற எழுத்து வந்தால் அந்த இடத்தில் நின்றுவிடு என்று பொருள். யூஎஸ்பி முதலில் வேண்டும் என்றால் எஃப்14 என்று எழுத வேண்டும். பழக்கதோஷத்தில் இடமிருந்து படித்து, எஃப்41-இல் 4 தானே முன்னால் இருக்கிறது, யூஎஸ்பிதானே முதலில் வர வேண்டும் என்று குழம்பி மணிக்கணக்கில் கேபிளை மாற்றிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

மாற்ற இரண்டு வழி உண்டு. ராஸ்பி-கான்ஃபிக் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் பூட் ஆர்டர் என்று போய்த் தேர்ந்தெடுக்கலாம். எண்ணை நாமே எழுத வேண்டும் என்றால் சூடோ -ஈ ஆர்பிஐ-ஈஈப்ராம்-கான்ஃபிக் --எடிட் என்று தட்டி (இந்த ஈ மட்டும் பெரிய எழுத்து), வரியைத் திருத்தி, சேமித்து, ரீபூட் செய்ய வேண்டும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். என்ன எண் உள்ளே போகிறது என்று கண்ணெதிரே தெரிகிறது.

கடைசியில் அந்த எஃப்-ஐ விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், டிரைவு எழுந்து சுழல ஆரம்பிக்கக் கொஞ்சம் தாமதமானாலும் பலகை ஒரு சுற்றோடு கைவிட்டு நின்றுவிடும். வீட்டின் மூலையில் திரை இல்லாமல் ஓடும் பைக்கு அந்த எஃப்தான் துணை. கரண்ட் போய் வந்தால் தானாக மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும்.

இன்னொன்று. பை 4 சந்தைக்கு வந்தது 2019 ஜூனில். அப்போது அதன் பூட்லோடருக்கு யூஎஸ்பியிலிருந்து பூட் செய்யத் தெரியாது. அந்த வசதி 2020-இல்தான் வந்தது. பழைய பலகையை யாரிடமாவது வாங்கியிருந்தால், வரிசையை மாற்றும் முன் சூடோ ஆர்பிஐ-ஈஈப்ராம்-அப்டேட் என்று தட்டி, இருக்கும் பூட்லோடரின் தேதியைப் பாருங்கள். பழையது என்றால் அதே கட்டளையோடு -ஏ சேர்த்துப் புதுப்பித்து ரீபூட் செய்யுங்கள்.

அறிகுறி 2: எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆனதாகச் சொல்கிறது, ஆனால் கோப்புகள் எஸ்டி கார்டில் போய் விழுகின்றன

இந்த ஓர் அறிகுறிக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாம் ஓடுகிற மாதிரியே இருக்கும்.

என் வீட்டில் ஒரு பை 4 படங்களையும் பாடல்களையும் சேமித்து வைக்கிறது. எஸ்டி கார்டில் இருந்ததை டிடி கட்டளையால் அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தேன், பூட் வரிசையை மாற்றினேன், ரீபூட் செய்தேன். வேகமாகத்தான் இருந்தது போலத் தோன்றியது. கார்டை வெளியே எடுக்கவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று உள்ளேயே விட்டுவைத்தேன். மூன்று வாரம் கழித்து ஏதோ வேலைக்காகக் கார்டை உருவினேன். மறுமுறை பலகை எழுந்தபோது, அந்த மூன்று வாரத்தில் சேர்த்த ஒரு படத்தைக் கூடக் காணோம். பயனர் கணக்கில் மாற்றிய கடவுச்சொல் கூடப் பழையதாகிவிட்டிருந்தது. கார்டைத் திரும்பப் போட்டதும் எல்லாம் வந்துவிட்டது. கார்டு நல்லபடியாக இருந்ததால் தப்பித்தேன். அந்த மூன்று வாரமும் சேமித்ததெல்லாம், நான் நம்பாமல் விட்டு வந்த அந்தக் கார்டிலேதான் இருந்தது.

காரணம் இதுதான். சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி கோப்பில் ரூட்=பார்ட்யூயூஐடி= என்று ஆரம்பித்து ஓர் எட்டு இலக்க அடையாளமும் அதற்குப் பின் -02 என்பதும் இருக்கும். அந்த எட்டு இலக்கம் டிரைவின் பார்ட்டிஷன் அட்டவணையில் எழுதப்பட்ட அடையாளம். 02 என்பது இரண்டாவது பார்ட்டிஷன். டிடி கட்டளை ஒரு பிட் விடாமல் நகலெடுப்பதால் அந்த அடையாளமும் சேர்ந்து நகலாகிவிடுகிறது. இப்போது ஒரே அடையாளத்தோடு இரண்டு டிரைவுகள். கெர்னல் அந்த எண்ணைத் தேடுகிறது. முதலில் கண்ணில் படுவதை ரூட்டாக எடுத்துக்கொள்கிறது. எஸ்டி கார்டு நேரடியாகப் பலகையோடு இணைந்திருப்பதால் பெரும்பாலும் அதுதான் முந்திக்கொள்கிறது. பூட்லோடர் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தது உண்மைதான். கெர்னலும் எஸ்எஸ்டியிலிருந்துதான் ஏறியது. ரூட் மட்டும் பழைய கார்டு. பூட் வரிசையை எத்தனை முறை மாற்றினாலும் இது சரியாகாது, ஏனென்றால் தவறு மூன்றாவது கட்டத்தில்.

உறுதி செய்ய சூடோ பிஎல்கேஐடி என்று தட்டிப் பாருங்கள். எம்எம்சிபிஎல்கே0பி2 வரியிலும் எஸ்டிஏ2 வரியிலும் பார்ட்யூயூஐடி ஒன்றாகவே இருந்தால் நோய் இதுதான்.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு, எஸ்டி கார்டு மட்டும் இருக்கும்போது பலகையை எழுப்புங்கள். முழுதாக எழுந்து டெர்மினல் வந்த பிறகு எஸ்எஸ்டியைச் செருகுங்கள். டெஸ்க்டாப் பதிப்பாக இருந்தால் அது தானாக மவுண்ட் ஆகும், அன்மவுண்ட் செய்துவிடுங்கள். எல்எஸ்பிஎல்கே தட்டி, எஸ்எஸ்டியின் பெயர் எஸ்டிஏ தானா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பிறகு சூடோ எஃப்டிஸ்க் /டெவ்/எஸ்டிஏ. உள்ளே போனதும் எக்ஸ் என்று தட்டினால் நிபுணர் பகுதி திறக்கும். அங்கே ஐ என்று தட்டினால் புது அடையாளம் கேட்கும். 0எக்ஸ் போட்டு எட்டு பதினாறடிமான இலக்கங்களைக் கொடுங்கள். பழையதில் கடைசி ஓர் இலக்கத்தை மாற்றினாலே போதும். ஆர் தட்டி வெளியே வந்து, டபிள்யூ தட்டி எழுதுங்கள். டபிள்யூ தட்டும் வரை டிரைவில் எதுவும் எழுதப்படாது. சந்தேகம் வந்தால் க்யூ தட்டி வெளியேறிவிடலாம்.

இதோடு வேலை முடியவில்லை. எஸ்எஸ்டியின் முதல் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, அதிலுள்ள சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி கோப்பில் புது அடையாளத்தை எழுதுங்கள். அப்புறம் இரண்டாவது பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, அதன் ஈடிசி அடைவில் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் மாற்றுங்கள். அங்கே -01 என்று முடியும் வரி ஒன்று, -02 என்று முடியும் வரி ஒன்று. இரண்டையும் மாற்ற வேண்டும். இதில் -01 வரியை மறந்துவிட்டால் ரூட் எஸ்எஸ்டியில், பூட் பார்ட்டிஷன் எஸ்டி கார்டில் என்று இன்னொரு பிளவு உண்டாகும். அதன் பிறகு நீங்கள் கெர்னலைப் புதுப்பித்தால் அது தவறான டிரைவில் போய் உட்காரும். ஆறாவது அறிகுறியின் மூலமும் பல நேரம் இதுபோன்ற பிளவுதான்.

இனிமேல் நகலெடுக்கிறவர்கள் டெஸ்க்டாப்பில் துணைக்கருவிகள் மெனுவில் இருக்கும் எஸ்டி கார்டு காப்பியரைப் பயன்படுத்துங்கள். அதில் புதிய பார்ட்டிஷன் யூயூஐடி என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

அறிகுறி 3: எஸ்எஸ்டியைக் கண்டுகொள்ளவே இல்லை, திரையில் தேடல் சுற்றிச் சுற்றி வருகிறது

எஸ்டி கார்டை எடுத்துவிட்டு, எஸ்எஸ்டி மட்டும் மாட்டி, திரையை இணையுங்கள். பை 4-இல் யூஎஸ்பி-சி பவர் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் எச்டிஎம்ஐ துளையில்தான் மாட்ட வேண்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் பூட்லோடரின் நோட்டத் திரை வரும். பூட் என்று தொடங்கும் வரியைக் கவனியுங்கள். இப்போது எந்த வழியை முயன்றுகொண்டிருக்கிறது, அடுத்து எதெல்லாம் மிச்சம் என்று அது நொடிக்கு நொடி காட்டும். யூஎஸ்பி முறை வரும்போது டிரைவின் பெயர் எதுவும் வராமலே அடுத்ததற்குத் தாவுகிறதா? அப்படியானால் பூட்லோடருக்கு டிரைவே தெரியவில்லை. கோப்புகளையோ சிஎம்டிலைனையோ குடைவதில் பயனில்லை.

முதல் சந்தேகம் மின்சாரம். பை 4 தன்னோடு இணைத்த எல்லா யூஎஸ்பி சாதனங்களுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் தர முடியும். எஸ்எஸ்டி எழும் நொடியில் நிறைய இழுக்கும். எஸ்டி கார்டிலிருந்து பூட் செய்து, எஸ்எஸ்டியை மாட்டி, கொஞ்ச நேரம் கோப்புகளை நகர்த்திவிட்டு, விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு என்று தட்டுங்கள். சுழியம் மட்டும் வந்தால் மின்சாரம் சரி. 50000 என்று வந்தால் எப்போதோ ஒரு நேரம் மின்னழுத்தம் குறைந்து, பலகை தன் வேகத்தையும் குறைத்துக்கொண்டது என்று பொருள். 50005 என்றால் இந்த நொடியும் குறைவாகவே இருக்கிறது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பலகை அதைக் குறித்துக்கொள்ளும். போன் சார்ஜரை வைத்துச் சமாளிக்கிறவர்களுக்கு இந்தச் சோதனையிலேயே விடை கிடைத்துவிடும்.

பை 5-இல் இதற்கு ஒரு தனிக் கதை. அதற்கென்று வருவது 5.1 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர். 3 ஆம்பியர் அடாப்டரை மாட்டினால் பலகை அதை அறிந்து யூஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர் மட்டும் கொடுக்கும். 5 ஆம்பியர் என்றால் 1.6 ஆம்பியர் வரை. இதோடு நிற்காமல், 3 ஆம்பியர் அடாப்டரில் யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகவும் தயங்கி, திரையில் எச்சரிக்கை போட்டுப் பவர் பட்டனை அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும். திரை இல்லாமல் ஓடும் பை 5 செத்துவிட்டது என்று நினைக்கும் பலரின் பலகை அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கும். உங்கள் அடாப்டர் உண்மையிலேயே 5 ஆம்பியர் தரக்கூடியது, ஆனால் பலகையோடு பேசி அதைத் தெரிவிப்பதில்லை என்றால், ஈஈப்ராம் அமைப்பில் பிஎஸ்யூ_மேக்ஸ்_கரண்ட்=5000 என்று ஒரு வரி சேர்க்கலாம். தராத அடாப்டருக்கு இப்படி எழுதினால், டிரைவு பாதி எழுதும்போது மின்சாரம் சரிந்து தரவு கெடும். அதைச் செய்யாதீர்கள்.

மின்சாரம் சரி என்றால் அடுத்து சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் அந்தச் சின்ன கேபிள். டிரைவைக் குறை சொல்லும் முன் வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். நீலத் துளையிலிருந்து கறுப்புத் துளைக்கு, அதாவது யூஎஸ்பி 3-லிருந்து யூஎஸ்பி 2-க்கு மாற்றியும் பாருங்கள். கறுப்புத் துளையில் பூட் ஆகிறது, நீலத்தில் ஆகவில்லை என்றால் பிழை கேபிளுக்குள் இருக்கும் சில்லில்தான். ஐந்தாவது அறிகுறியைப் பாருங்கள்.

அறிகுறி 4: ரீபூட் செய்தால் வருகிறது, சுவிட்ச் போட்டால் வருவதில்லை

இது பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்கின் குணம். தட்டு சுழன்று வேகம் பிடிக்கும் வரை அது யாருக்கும் பதில் சொல்லாது. ரீபூட்டில் தட்டு ஏற்கெனவே சுழன்றுகொண்டிருப்பதால் பிரச்சினை தெரிவதில்லை. பூட்லோடர் யூஎஸ்பி டிரைவுக்காக இயல்பாக 20 விநாடி காத்திருக்கும். யூஎஸ்பி_எம்எஸ்டி_டிஸ்கவர்_டைம்அவுட் என்ற ஈஈப்ராம் அமைப்பு அது, மில்லி விநாடியில் 20000. இதை 30000 ஆக்கிப் பாருங்கள். டிரைவு தென்பட்டும் படிக்கத் தாமதமானால் யூஎஸ்பி_எம்எஸ்டி_எல்யூஎன்_டைம்அவுட் என்பதை வழக்கமான 2000-லிருந்து 10000 ஆக்கலாம்.

நேர்மாறாக, சுவிட்ச் போட்டால் வந்து ரீபூட்டில் தொங்குகிறதா? அப்போது டிரைவின் கேபிள் சில் முந்தைய ஓட்டத்தின் நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. பூட்லோடர் தொடக்கத்தில் யூஎஸ்பி மின்சாரத்தை ஒரு விநாடி நிறுத்தித் தருவது இதற்காகத்தான். அந்த அமைப்பின் பெயர் யூஎஸ்பி_எம்எஸ்டி_பிடபிள்யூஆர்_ஆஃப்_டைம். அதை 1000-லிருந்து 3000-க்கு உயர்த்துங்கள். உச்ச எல்லை 5000. டிரைவுக்குத் தனி அடாப்டர் இருந்தால் இந்த வித்தை பலிக்காது, ஏனென்றால் அதன் மின்சாரம் பலகை வழியாக வருவதில்லை.

அறிகுறி 5: கெர்னல் எழுத்துகள் ஓடுகின்றன, பிறகு ரூட்டுக்காகக் காத்து நிற்கிறது

நல்ல செய்தி: முதல் இரண்டு கட்டமும் வென்றாகிவிட்டது. பூட்லோடரை இனித் தொடாதீர்கள். டிரைவை வேறொரு கணினியில் மாட்டி, முதல் பார்ட்டிஷனில் இருக்கும் சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டியைத் திறங்கள். அதில் எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும். எப்போதோ திருத்தும்போது என்டர் பட்டன் ஒன்று நடுவில் விழுந்திருந்தால், அதற்குக் கீழே உள்ளவை கெர்னலுக்குப் போய்ச் சேரவே சேராது. வரி சரியாக இருந்தால் பார்ட்யூயூஐடி டிரைவின் உண்மையான அடையாளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ரூட்வெயிட் என்ற சொல் இருக்க வேண்டும். யூஎஸ்பி டிரைவு மெதுவாக எழுந்தாலும் கெர்னல் அவசரப்படாமல் நிற்பதற்கு அதுதான் காரணம்.

இவை எல்லாம் சரி, ஆனால் திரையில் யூஏஎஸ் என்ற சொல்லோடு பிழைகள் வரிசையாக வருகின்றனவா? யூஏஎஸ் என்பது யூஎஸ்பி டிரைவுகளுக்கான வேகமான பேச்சுமுறை. சில கேபிள் சில்லுகள் தமக்கு அது தெரியும் என்று சொல்லிக்கொள்ளும். வேலை என்று வரும்போது தடுமாறும். எஸ்டி கார்டிலிருந்து எழுந்து எல்எஸ்யூஎஸ்பி தட்டினால், கேபிளுக்கான வரியில் ஐடி என்ற சொல்லுக்குப் பின் நான்கு இலக்கம், ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு இலக்கம் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியின் சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டியில், வரியின் தொடக்கத்தில், யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.க்வர்க்ஸ்= என்று எழுதி, அந்த ஐடியைப் போட்டு, இன்னொரு முக்காற்புள்ளியும் யு எழுத்தும் சேர்த்து, ஓர் இடைவெளி விடுங்கள். அந்த யு, இந்தச் சில்லிடம் யூஏஎஸ் பேசாதே, பழைய முறையிலேயே பேசு என்று கெர்னலுக்குச் சொல்கிறது. வேகம் கொஞ்சம் குறையும். நிலைத்து நிற்கும். நிரந்தரத் தீர்வு என்றால் நல்ல கேபிள் வாங்குவதுதான்.

அறிகுறி 6: பூட் வரிசையை மாற்றினேன், ரீபூட் செய்தேன், பழைய எண்ணே இருக்கிறது

பை 4-இல் ஆர்பிஐ-ஈஈப்ராம்-கான்ஃபிக் வழக்கமாக நேரடியாக ஈஈப்ராமில் எழுதிவிடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அது பூட் பார்ட்டிஷனில் பைஈஈப்ராம்.யுபிடி என்ற கோப்பை வைத்துவிட்டுப் போகிறது. அடுத்த பூட்டில்தான் அது ஈஈப்ராமுக்குள் ஏறும். இப்போது இரண்டாவது அறிகுறியில் சொன்ன பிளவைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் /பூட்/ஃபர்ம்வேர் எஸ்எஸ்டியில் இருக்கிறது. பலகை எழுவது எஸ்டி கார்டிலிருந்து. கோப்பு எஸ்எஸ்டியில் கிடக்கும், பூட்லோடர் அந்தப் பக்கமே வராது. ஃபைண்ட்எம்என்டியையும் பூட்-மோட் கோப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பிளவைச் சரிசெய்யுங்கள், பிறகு மீண்டும் எழுதுங்கள். கிடப்பில் இருக்கும் புதுப்பிப்பை நீக்க ஆர்பிஐ-ஈஈப்ராம்-அப்டேட் கட்டளையோடு -ஆர் போதும்.

அறிகுறி 7: பை 5-இல் என்விஎம்இ தெரியவில்லை

பை 5-இல் வழக்கமான வரிசை எஃப்461. எஸ்டி, என்விஎம்இ, யூஎஸ்பி என்று பொருள். என்விஎம்இ முதலில் வேண்டும் என்றால் எஃப்416. நிறுவனத்தின் சொந்த எம்.2 ஹேட்+ பலகை தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும். மற்ற அடாப்டர்கள் பல அப்படிச் செய்வதில்லை. அவற்றுக்கு இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும்: ஈஈப்ராமில் பிசிஐஇ_ப்ரோப்=1, கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் டிடிபாராம்=பிசிஐஇஎக்ஸ்1. முதலாவது பூட்லோடருக்கு, இரண்டாவது கெர்னலுக்கு. பட்டை கேபிளைக் கழற்றி மறுபடி நேராகச் செருகிப் பாருங்கள். அரை மில்லி மீட்டர் சாய்ந்திருந்தாலும் தெரியாது. ஜென்=3 என்று யாராவது சொல்லி எழுதியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். பை 5-க்கு உறுதி தந்திருப்பது ஜென் 2 வேகத்துக்கு மட்டும்தான்.

அறிகுறி 8: திரை இல்லை, பச்சை விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிகிறது

எண்ணுங்கள். நீண்ட மினுக்கல் இல்லாமல் குறுகிய மினுக்கல் நான்கு என்றால் ஸ்டார்ட் கோப்பு கிடைக்கவில்லை. பை 4-க்கு வேண்டியது ஸ்டார்ட்4.எல்ஃப், பை 3 காலத்து பழைய கார்டை எடுத்துப் போட்டால் இதுதான் நடக்கும். ஏழு என்றால் கெர்னல் கோப்பு இல்லை. இரண்டு நீண்டது, ஒரு குறுகியது என்றால் முதல் பார்ட்டிஷன் ஃபேட் வகையில் இல்லை. மூன்று நீண்டது, ஒரு குறுகியது என்றால் ஈஈப்ராமிலேயே பிழை. நான்கு நீண்டதோடு ஆறு அல்லது ஏழு குறுகியது வந்தால் மின்சாரக் கோளாறு. போனில் வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டி எண்ணினால் தவறாது.

அறிகுறி 9: விளக்கும் மினுக்கவில்லை, திரையும் வரவில்லை

பூட்லோடர் புதுப்பிக்கும்போது கரண்ட் போயிருந்தால் இப்படி ஆகலாம். பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேறொரு கணினியில் ராஸ்பெரி பை இமேஜரைத் திறந்து, இயங்குதளப் பட்டியலின் கீழே உள்ள கருவிப் படங்களுக்குள் பூட்லோடர் என்ற பிரிவுக்குப் போங்கள். எஸ்டி பூட், யூஎஸ்பி பூட், நெட்வொர்க் பூட் என்று தனித்தனியாக இருக்கும். உங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்து, முக்கியமில்லாத ஒரு எஸ்டி கார்டில் எழுதுங்கள். மற்ற எல்லா டிரைவையும் கழற்றிவிட்டு அந்தக் கார்டை மட்டும் போட்டு மின்சாரம் கொடுங்கள். பச்சை விளக்கு சீராக, வேகமாக, நிற்காமல் மினுக்கினால் வேலை முடிந்தது. திரை இருந்தால் முழுதும் பச்சையாகும். அப்போதும் பத்து விநாடியாவது விட்டுவிட்டுத்தான் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஈஈப்ராம் முழுக்கப் புதிதாக எழுதப்பட்டிருக்கும், பூட் வரிசையும் நீங்கள் தேர்ந்தெடுத்ததாகவே இருக்கும்.

பை 3-உம் வேறு பலகைகளும்

பை 3-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் ஈஈப்ராம் பூட்லோடர் கிடையாது. மேலே சொன்ன பூட்_ஆர்டர் அங்கே செல்லாது. பை 3 பி-யில் யூஎஸ்பி பூட் வேண்டும் என்றால் கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் ப்ரோகிராம்_யூஎஸ்பி_பூட்_மோட்=1 என்று எழுதி ஒருமுறை பூட் செய்ய வேண்டும். அது சில்லுக்குள் ஒரு பிட்டை நிரந்தரமாக எரித்துவிடும், திரும்ப மாற்ற முடியாது. பை 3 பி+ பலகையில் தொழிற்சாலையிலேயே அது செய்யப்பட்டிருக்கிறது.

ராஸ்பெரி பை அல்லாத, ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3399 சில் உள்ள பலகை என்றால் தேர்வு இன்னும் முன்னாலேயே நடக்கிறது. சில்லின் உள்ளே இருக்கும் ரோம், எஸ்பிஐ நினைவகச் சில், இஎம்எம்சி (பலகையில் பொருத்திய சேமிப்புச் சில்), பிறகு எஸ்டி என்ற வரிசையில் பூட்லோடரைத் தேடும். அதனால் இஎம்எம்சியில் யூ-பூட் என்ற பூட்லோடரின் பழைய பதிப்பு இருந்தால், எஸ்டி கார்டில் எவ்வளவு புதிய படத்தை எழுதினாலும் பழைய யூ-பூட்தான் எழும். அப்புறம் அது தன் பூட்_டார்கெட்ஸ் பட்டியலைப் பார்த்துக் கார்டுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். சீரியல் கேபிளை மாட்டி, எண்ணிக்கை ஓடும்போது ஏதாவது ஒரு பட்டனைத் தட்டி நிறுத்தி, ப்ரின்ட்என்வ் பூட்_டார்கெட்ஸ் என்று கேளுங்கள். எம்எம்சி1 முன்னால் வர வேண்டுமா, எம்எம்சி0 முன்னால் வர வேண்டுமா என்பது பலகைக்குப் பலகை மாறும். எம்எம்சி லிஸ்ட் என்று தட்டினால் எது கார்டு, எது இஎம்எம்சி என்று தெரிந்துவிடும். செட்என்வ் கொடுத்து வரிசையை மாற்றி, சேவ்என்வ் கொடுங்கள். சேவ்என்வ் பிழை காட்டினால் அந்த யூ-பூட்டுக்குச் சேமிக்க இடம் ஒதுக்கப்படவில்லை என்று பொருள். அப்போது இஎம்எம்சியில் இருக்கும் பழைய யூ-பூட்டையே புதுப்பித்தாக வேண்டும்.